கௌதாரி சாட்சி சொன்ன தார் ரோடு

ஒரு காட்டில், அதாவது தார் ரோடு வருவதற்கு முன்னால் காடாக இருந்த ஒரு இடத்தில், வெள்ளத்தாயி என்று ஒரு கௌதாரி இருந்தாள். காடு என்றதும் அருவி, மாமரம், தேன்கூடு என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். கருவேலம்புதரும் கரட்டு மேடும்தான். ஆனால் அதற்கும் ஒரு ஊராட்சி உண்டு, தலைவர் உண்டு, கிராம சபைக் கூட்டம் உண்டு. கூட்டத்தில் ஜமுக்காளம் விரிப்பார்கள், காராசேவும் டீயும் கொடுப்பார்கள், வரவேற்புரை சொல்வார்கள், நன்றியுரை சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

வெள்ளத்தாயியின் கூடு ரோட்டுக்கு இந்தப் பக்கம். குஞ்சுகளுக்குத் தண்ணீரும் கறையானும் ரோட்டுக்கு அந்தப் பக்கம். கூட்டை அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அந்தப் பக்கம் கீரிகள் பட்டா வாங்கிக் குடியிருந்தன. கீரிக்குப் பக்கத்து வீட்டில் முட்டையிட்டுப் பேரன் பேத்தி எடுத்த கௌதாரி உலகத்தில் கிடையாது. அப்படியானால் பறந்து போகலாமே என்பீர்கள். உங்களுக்கு எல்லாம் சுலபம். கௌதாரி ஓடுகிற சாதி. குஞ்சுக்கு இறக்கை முளைத்து நாலடி உயரம் எழும்புகிற வரைக்கும் காலையிலும் சாயங்காலமும் ரோட்டைக் குறுக்கே ஓடித்தான் கடக்க வேண்டும்.

மண் ரோடாக இருந்தவரைக்கும் இதில் ஒரு தொல்லையும் இல்லை. அந்த வழியாக வருகிற ஒரே ஒரு டவுன் பஸ், பாவம், அதுவே தள்ளாடிக்கொண்டு வரும். குஞ்சுகள் கடந்து போய், நின்று திரும்பிப் பார்த்து, ஒரு பூச்சியும் பிடித்துத் தின்ற பிறகுதான் பஸ் வந்து சேரும். அப்படி இருக்கும்போது தலைநகரத்துச் சட்டமன்றத்தில் சிங்கங்களும் யானைகளும் கூடி, மேசையைத் தட்டி, விரைவுச் சாலைச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். எல்லாக் காட்டுக்கும் வழவழப்பான ரோடு, எல்லா ரோட்டிலும் விறுவிறுப்பான வண்டி. சும்மா சொல்லக் கூடாது, நல்ல சட்டம்தான். சட்டம் போட்டவர்களில் ஒருத்தரும் ரோட்டைக் குறுக்கே கடக்கிற உயரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ரோடு போடுகிற வேலை பொன்னுரங்கம் என்கிற பெருச்சாளிக்குக் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால் அவர் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். பொன்னுரங்கமும் ஊராட்சித் தலைவர் கொம்பையா என்ற காட்டுப்பன்றியும் ஒரே குழியில் புரண்டு வளர்ந்தவர்கள். சிக்கனக்காரர் பொன்னுரங்கம். தோசைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி தாரைத் தடவிவிட்டுப் போனார். ஆனால் புது ரோடு அல்லவா, கன்னங்கரேலென்று பளபளத்தது. கொம்பையா ரிப்பன் வெட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள், வெள்ளத்தாயியும் தட்டினாள்.

பந்தல் பிரிக்கும் முன்பே ஜல்லி லாரிகள் வர ஆரம்பித்துவிட்டன. வழவழப்பான ரோட்டைக் கண்டால் லாரிக்காரனுக்குக் கால் சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் காலையில் வெள்ளத்தாயி முன்னால் ஓட, குஞ்சுகள் வரிசையாகப் பின்னால் ஓட, எப்போதும் கடைசியில் அசைந்து அசைந்து வருகிற கடைக்குட்டி மட்டும் வந்து சேரவில்லை. லாரி நிற்கவில்லை. நசுக்கினது லாரிக்காரனுக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. வெள்ளத்தாயி மிச்சக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பெற்றவள் அழுகைக்கு நான் என்ன உவமை சொல்வது, அழுதாள்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் போய் நின்றாள். என் கூட்டுக்கு எதிரே ஒரே ஒரு வேகத்தடை போடுங்கள், மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டாள். கூட்டம் உச்சுக் கொட்டியது. காராசேவுத் தட்டு கொஞ்ச நேரம் நகரவில்லை.

அந்த ஊரில் சட்டம் தெரிந்தவர் ஒருத்தர் உண்டு. சிதம்பரநாதன் என்ற ஆமை, தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தப் பேச்சிலும் கழுத்தை மெல்ல வெளியே நீட்டி, சட்டம் என்ன சொல்கிறது என்றால் என்று ஆரம்பிப்பார். அன்றைக்கும் நீட்டினார். ஒரே இடத்தில், ஓராண்டுக்குள், மூன்று உயிர் போனால்தான் வேகத்தடை அமைக்கலாம் என்று விரைவுச் சாலைச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறதாம். சொல்லிவிட்டு வெள்ளத்தாயியைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்.

"ஒண்ணு ஆயிருச்சு தாயி. இன்னும் ரெண்டுதான். மனசத் தளர விடாத."

கேட்டீர்களா, ஆறுதல் சொல்கிற அழகை. ஆனால் அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பென்ஷன் பேப்பருக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவர்களுக்கு, இன்னும் இரண்டு கையெழுத்துதான் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது.

அதற்குள் கதிரேசன் என்ற முயல் எழுந்தார். அவர் டவுன் மில்லில் வேலை பார்க்கிறவர், பயணிகள் நலச் சங்கத்துக்குத் தலைவர். இத்தனை வருஷமாகத் தினமும் லேட்டாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் பாட்டு வாங்கியவர், ரோடு வந்த பிறகுதான் சங்கு ஊதும் முன்னே உள்ளே போகிறார். வேகத்தடை என்று ஒன்று வந்தால் பஸ் மறுபடி ஊர ஆரம்பித்துவிடும், ஒரு குஞ்சுக்காக ஊர் முன்னேற்றத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டார். அவருக்கும் கை தட்டினார்கள். இந்த ஊரில் யார் பேசினாலும் தட்டுவார்கள்.

வெள்ளத்தாயி விடவில்லை. தலைவர் வீட்டு வாசலில் மட்டும் வேகத்தடை இருக்கிறதே, அங்கே யார் செத்தார்கள் என்று கேட்டாள். கொம்பையா முகம் சுருங்கியது. சிதம்பரநாதன்தான் கை கொடுத்தார். அது வேகத்தடையே இல்லை, தலைவர் வீட்டுக்குக் குடிநீர்க் குழாய் பதித்த இடத்தில் ரோடு கொஞ்சம் மேடு தட்டிவிட்டது, பஸ் நின்று வணக்கம் வைத்துவிட்டுப் போவது டிரைவரின் தனிப்பட்ட மரியாதை என்றார். அப்படியானால் என் வீட்டுக்கும் ஒரு குழாய் பதியுங்கள் என்றாள் வெள்ளத்தாயி. கௌதாரிக் கூடு தற்காலிகக் குடியிருப்பு, வீட்டு வரி கட்டாத இடத்துக்குக் குழாய் இணைப்பு தர வழியில்லை என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகுதான் விவாதம் சூடு பிடித்தது. மிச்ச இரண்டு உயிருக்கு என்ன வழி என்று ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். போன வாரம் லாரியில் அடிபட்ட எலியைக் கணக்கில் சேர்க்கலாமே என்றார் ஒருவர். அது வெளியூர் எலி, நம்ம ஊர் வாக்காளர் பட்டியலில் இல்லை என்றார் இன்னொருவர். புளியமரத்தடியில் செத்த அணிலைச் சேர்த்தால் என்ன என்று ஒரு குரல். அடிபட்டது புளியமரத்தடியிலா, அடிபட்டுத் தூக்கி எறியப்பட்டு விழுந்தது புளியமரத்தடியிலா, சட்டப்படி எது 'இடம்' என்று அரைமணி நேரம் சண்டை நடந்தது. உயிர் விடுகிறவர்களைச் சுழற்சி முறையில் தெருவுக்கு ஒருவராக எடுக்க வேண்டும் என்று ஒரு ஓணான் சொன்னது. எந்தத் தெருவில் தொடங்குவது என்று கேட்டதும் ஓணான் உட்கார்ந்துவிட்டது.

கடைசியில் கொம்பையா தொண்டையைச் செருமினார். வேகத்தடை போட நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒரு தாயின் வேதனையைப் பார்த்துக்கொண்டு இந்தச் சபை சும்மா இருக்காது என்றார். நடந்த துயரத்துக்கும் இனி நடக்கவிருக்கும் இரண்டு துயரத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே இரங்கல் தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் எழுந்து இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். கதிரேசன் மட்டும் குனிந்து செல்போனில் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டார்களா? கண்ணீர் அஞ்சலி ப்ளெக்ஸ் ஒன்று அடித்து ரோட்டோரம் வைப்பது என்றும் முடிவானது. அந்த ஊரில் யார் செத்தாலும் விடியும் முன்பே ப்ளெக்ஸ் வந்துவிடும், அப்படி ஒரு சுறுசுறுப்பு. மூன்று தடவை தனித்தனியாக அடிப்பதைவிட ஒரேயடியாக அடித்துவிட்டால் மலிவாக முடியும் என்று கணக்குப் போட்டார்கள். மேலே கொம்பையா கும்பிடுகிற படம் பெரிதாக, கீழே மூன்று குஞ்சுகளின் படம் சின்னதாக. ஒரு படம் இருக்கிறது, மிச்சம் இரண்டுக்குத்தான் ஆள் வேண்டும்.

"நல்லா சிரிச்ச முகமா இருக்குற ரெண்டு குஞ்சப் பார்த்துக் குடு தாயி, செலவு நம்மளுது," என்றார் கொம்பையா.

வெள்ளத்தாயி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். துக்கத்தில் இருக்கிறாள், பாவம் என்றார்கள். பிறகு வேறு இரண்டு குஞ்சுப் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டு ப்ளெக்ஸை அடித்தே விட்டார்கள். சம்பவம் நடக்கும்வரை வீணாகக் கிடக்க வேண்டாமே என்று கொம்பையா அதைத் தன் வீட்டுப் பின்புறம் ஒழுகுகிற கொட்டகைக்கு மேலே போட்டுக் கட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து வெள்ளத்தாயி பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ரோட்டுக்கு நடுவில் இறக்கையை விரித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு குஞ்சாக விரட்டி விரட்டிக் கடத்துவாள். லாரிச் சத்தம் கேட்டால் திருப்பி விரட்டுவாள். இரண்டு தடவை கடந்தது ஒரு தடவையாகியது. சாயங்காலத் தண்ணீர் நின்றுபோனதில் குஞ்சுகள் கழுத்து நீண்டு, வயிறு ஒட்டிப் போயின. ராத்திரி அவை தாகத்தில் முனகும்போது, இருந்து சாகட்டுமா, ஓடிச் சாகட்டுமா என்று நினைத்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில் மழை பெய்தது.

பெரிய மழைகூட இல்லை. பொன்னுரங்கம் போட்ட ரோட்டுக்குத் தூறலே போதும், இது இரண்டு நாள் விடாமல் பெய்தது. காலையில் பார்த்தால் தார் அப்பளமாகப் பொரிந்து கிடந்தது. அடுத்த நாள் ஜல்லி வெளியே வந்தது. அதற்கடுத்து குழி. ஒரு குழி இல்லை, குழிக்குள் குழி. எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் லாரிகள் மூச்சுப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக, கர்ப்பஸ்திரீ படியிறங்குகிற மாதிரி இறங்கி ஏறின. வெள்ளத்தாயி புதரிலிருந்து எட்டிப் பார்த்தாள். நம்ப முடியாமல் ஒரு குஞ்சை மட்டும் விட்டுப் பார்த்தாள். குஞ்சு நிதானமாகக் கடந்தது. லாரி இன்னும் முதல் குழியிலேயே உறுமிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலமும் போனாள். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் கூட்டில் ஒரு முனகலும் இல்லாமல் எல்லோரும் தூங்கினார்கள்.

ஆனால் ஊர் கொதித்துவிட்டது. கொதிக்காதா பின்னே? கதிரேசன் பஸ்ஸுக்குள் எகிறிக் கூரையில் இடித்து ஒரு காது வீங்கிவிட்டது. மில்லில் பழையபடி லேட், பழையபடி பாட்டு. இப்படி ஒரு ரோடா, இது கொள்ளை இல்லையா என்று பயணிகள் நலச் சங்கம் மேலிடத்துக்கு மனுப் போட்டது. அந்த மனுவில் இருந்ததெல்லாம் சத்தியமான உண்மை. விசாரிக்கச் சொல்லி ஒரு பொறியாளரை அனுப்பினார்கள்.

வந்தவர் தவசி என்ற கொக்கு. கொக்கு என்றதும் மீனை ஏமாற்றித் தின்கிற பழைய கதைக் கொக்கை நினைக்காதீர்கள். இவர் நேர்மையானவர், அசல் நேர்மை. யாராவது மீன் கொண்டுவந்து கொடுத்தால் கொண்டுபோய்த் திரும்பக் குளத்தில் விட்டுவிடுவார். இந்தக் குணத்துக்காகவே ஊர் ஊராக மாற்றப்பட்டு, கடைசியில் பெட்டியைப் பிரிப்பதையே நிறுத்திவிட்டார். அவர் ரோட்டில் இறங்கி அலகை விட்டுப் பார்த்தார். தாரே தட்டுப்படாமல் நேரே மண்ணுக்குப் போனது. இந்தக் காண்ட்ராக்டருக்கு இனி ஒரு வேலையும் கிடையாது, நானே கூட இருந்து புது ரோடு போட்டுத் தருகிறேன், உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஒரு கீறல் விழாது என்றார். ஊரே கை தட்டியது. வெள்ளத்தாயி மட்டும் தட்டவில்லை.

அவர் தனியாக இருக்கும்போது போய்ப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். கொக்கு கடைசிவரை கேட்டார், கண் கலங்கவும் செய்தார்.

"புது ரோடு போடும்போது என் வாசல்ல ஒரு வேகத்தடை மட்டும் போட்டுக் குடுங்க சார்," என்றாள்.

"அம்மா, சட்டத்துக்கு வெளியில ஒரு சட்டி ஜல்லி கூட நான் இதுவரைக்கும் கொட்டினதில்ல. மூணு உயிர்னு இருக்கு. சட்டத்தத் திருத்தணும்னு மேல எழுதுறேன். ரெண்டு மூணு வருஷத்துல கட்டாயம் பதில் வரும்."

"ரோடு எப்படி சார் இருக்கும்?"

"கண்ணாடி மாதிரி இருக்கும்மா. வண்டி பறக்கும்," என்றார், பெருமையோடு.

சரிங்க சார் என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட இடம் கொடுக்காத மாதிரி நல்லவராக இருந்தார், அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

மறுநாள் விசாரணை. பொன்னுரங்கம் மீசை தொங்க ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கொம்பையாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பொன்னுரங்கம் மாட்டினால் அடுத்த கேள்வி யாரிடம் போகும் என்று அவருக்குத் தெரியாதா? முதல் சாட்சியாகக் கதிரேசன் வீங்கின காதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சிதம்பரநாதன் கழுத்தை நீட்டி, சட்டம் என்ன சொல்கிறது என்றால், உயிர்ச்சேதம் அடைந்தவர் இருக்கும்போது காதுச்சேதம் அடைந்தவர் முந்த முடியாது என்றார். ரோட்டால் அதிகம் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம்தான் முடிவானது, அவருக்குக் குறை இல்லை என்றால் ரோட்டுக்கும் குறை இல்லை என்றும் விதி இருக்கிறதாம். தவசியும் ஆமாம் என்றார். வெள்ளத்தாயியைக் கூப்பிட்டார்கள்.

கூட்டம் முழுக்க அவளையே பார்த்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள், இன்றைக்குப் பெருச்சாளியைக் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறாள் என்று எல்லோரும் வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள்.

"நல்ல ரோடு சார். எனக்கு ஒரு குறையும் இல்ல," என்றாள் வெள்ளத்தாயி.

பொன்னுரங்கமே தலையைத் தூக்கிப் பார்த்தார். கதிரேசன், ஊரே குழியாகக் கிடக்கிறதே, கண் தெரியவில்லையா என்று கத்தினார்.

"என் புள்ள செத்தது ரோடு நல்லா இருந்தப்ப. குழி விழுந்த பெறகு என் வீட்டுல ஒரு உசிரும் போகல. நான் சொன்னத அப்படியே எழுதிக்கோங்க சார்."

தவசி பேனாவை எடுத்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் நேர்மையானவர் அல்லவா, சாட்சி சொன்னதை மாற்றி எழுத அவருக்கு வராது. பாதிக்கப்பட்டவருக்குக் குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழிகளை அடைக்கிற வேலை விதிப்படி பழைய காண்ட்ராக்டருக்கே போனது. தவசி அடுத்த பஸ்ஸில் ஏறினார், அந்தப் பஸ் ஊர் எல்லையைத் தாண்டவே மத்தியானம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு வெள்ளத்தாயியோடு ஊரில் யாரும் பேசவில்லை. ஊரைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். பெருச்சாளியிடம் எவ்வளவு வாங்கினாள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். குஞ்சு செத்த அன்றைக்கு இத்தனை பேர் அவளைப் பற்றிப் பேசியிருந்தால் அந்தக் கணக்கே வேறு. அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. காலையும் மாலையும் குஞ்சுகளோடு ரோட்டைக் கடந்து போய்த் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாள்.

ஒரு சாயங்காலம் பொன்னுரங்கம் கூட்டுக்கே வந்துவிட்டார். கை நிறையக் கறையான் கொண்டுவந்திருந்தார். அவள் வாங்கவில்லை. அவர் போகாமல் நின்றார், நின்றுகொண்டே அழுதார். மாலை மரியாதை எல்லாம் பார்த்தவர்தான், ஆனால் எல்லாம் அவரே காசு கொடுத்து ஏற்பாடு பண்ணினவை.

"நான் போட்ட ரோட்ட நல்லாருக்குன்னு ஒருத்தர் மனசாரச் சொல்லி இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல தங்கச்சி. உனக்கு என்ன செய்யணும் சொல்லு."

வெள்ளத்தாயி குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் இறக்கை சரியாக முளைக்கவில்லை. முளைத்தாலும் அடுத்த வருஷம் வேறு குஞ்சுகள் வரும்.

"அண்ணாச்சி, இப்ப குழியெல்லாம் நீங்கதான அடைக்கப் போறீங்க. அது அடுத்த மழைக்குத் தாங்குமா?"

பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"உன் குஞ்சுங்க மேல சத்தியமா தாங்காது தங்கச்சி."

தாங்கவில்லை. அந்தக் காட்டில் ஒரு காண்ட்ராக்டர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது அதுதான் முதல் தடவை. மிச்சக் குஞ்சுகள் அத்தனையும் பிழைத்தன.

நீதி: ஊருக்கு நேர்மையான அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டால், முதல் வேலையாக ரோட்டில் விளையாடுகிற பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.